சோயா மணியின் புரதத் தரமும் கந்தக உரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரம் போக, சோயா மணியின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். விற்பவரும் வாங்குபவரும் அந்த 40 என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எண் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் புரதம் மட்டமாகிவிடக்கூடும் என்பதும், மண்ணில் கந்தகம் குறைந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. பயிரிடுவோரும் தீவனம் தயாரிப்போரும் மாணவர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகள் கீழே இருக்கின்றன. சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. விஷயத்தின் கனம் அப்படி.

புரதத்தின் ‘தரம்’ என்றால் என்ன? எல்லாப் புரதமும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். அவற்றில் 9 வகையை மனித உடலால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே வர வேண்டும். அந்த ஒன்பதில் எது தேவைக்கு மிகவும் குறைவாக இருக்கிறதோ, அதுதான் மொத்தப் புரதத்தின் பயனையும் நிர்ணயிக்கிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கோத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ‘ழ்’ தீர்ந்துவிட்டால் ‘த’வும் ‘மி’யும் பெட்டி பெட்டியாக இருந்தும் ‘தமிழ்’ என்று அச்சிட முடியாது.

சோயாவுக்கு அந்த ‘ழ்’ மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம். தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் சோயாவில் தாராளமாக உண்டு, மெத்தியோனைன்தான் பற்றாக்குறை. அதன் உறவான சிஸ்டீனை உடல் மெத்தியோனைனிலிருந்து செய்துகொள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே சோயாப் புரதத்தில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்குதான் வரும். கோழி வளர்ப்பில் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும். இறகு முழுவதும் கெரட்டின். கெரட்டினில் சிஸ்டீன் ஏராளம். அதனால்தான் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் கலந்த கோழித் தீவனத்தில் தொழிற்சாலையில் செய்த மெத்தியோனைனைத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

இதில் கந்தகம் எங்கே வருகிறது?

புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் கந்தக அணு உள்ளவை இரண்டே இரண்டு: மெத்தியோனைன், சிஸ்டீன். சோயாவில் எவை குறைவோ, அவையேதான். செடியின் வேர் மண்ணிலிருந்து கந்தகத்தைச் சல்பேட்டாக உறிஞ்சுகிறது. பெரும்பாலும் இலையில், படிப்படியாக ஆக்சிஜன் நீக்கப்பட்டு அது சல்பைடாகிறது. சல்பைடு ஓ-அசிட்டைல்செரின் என்ற மூலக்கூறுடன் இணையும்போது சிஸ்டீன் பிறக்கிறது. சிஸ்டீனின் கந்தகம்தான் பிறகு மெத்தியோனைனுக்குப் போகிறது. செடிக்கு வேறு குறுக்குவழி கிடையாது. விலங்குகளுக்கு இந்த வழியே இல்லை. நம் உடலில் இருக்கும் மெத்தியோனைன் எல்லாம் எங்கோ ஒரு செடியோ நுண்ணுயிரோ சல்பேட்டிலிருந்து செய்து கொடுத்ததுதான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

கந்தகம் பற்றாத செடி என்ன செய்கிறது? புரதம் குறைந்துவிடுமா?

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். பற்றாக்குறை கடுமையானால் செடி குன்றும், மகசூலும் புரதமும் சேர்ந்தே விழும். மிதமான பற்றாக்குறையில் நடப்பது வேறு. புரத அளவு பெரிதாகக் குறையாது. புரதத்தின் வகை மாறும்.

சோயா மணியின் புரதத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இரண்டு சேமிப்புப் புரதங்கள். ஒன்று கிளைசினின், மையவிலக்கியில் சுழற்றும்போது படியும் வேகத்தை வைத்து 11எஸ் என்றும் சொல்வார்கள். மற்றது பீட்டா-கான்கிளைசினின், அதாவது 7எஸ். கிளைசினினில் கந்தக அமினோ அமிலங்கள் 3 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். பீட்டா-கான்கிளைசினினில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டாவது புரதம் ஆல்ஃபா, ஆல்ஃபா பிரைம், பீட்டா என்ற மூன்று துணை அலகுகள் சேர்ந்து உருவாவது. அவற்றில் பீட்டா துணை அலகில் கந்தக அமினோ அமிலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இப்போது செடியின் இடத்திலிருந்து பாருங்கள். மணி நிரம்பும் பருவம். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வந்துகொண்டே இருக்கிறது, கந்தகம் வரவில்லை. தழைச்சத்தை எங்காவது சேமித்தே ஆக வேண்டும். அடுத்த தலைமுறை நாற்றுக்கு அதுதான் கட்டுச்சோறு. சுண்ணாம்பு தீர்ந்த கொத்தனார் வேலையை நிறுத்தாமல் மண்சாந்து கொண்டு சுவரை எழுப்புவது போல, செடி கிளைசினினைக் குறைத்து, கந்தகம் தேவைப்படாத பீட்டா துணை அலகைக் கூட்டிக்கொள்கிறது. சுவரின் உயரம் குறையவில்லை. அளக்கிறவர் உயரத்தை மட்டும் அளந்தால் எதுவும் தெரியாது.

இது வெறும் ஊகம் இல்லை. கெய்லர், சைக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், கந்தகப் பட்டினியில் வளர்ந்த சோயாவில் கிளைசினின் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது, பீட்டா-கான்கிளைசினின் கூடியது. இதன் மறுபக்கமும் அதே காலத்தில் தெரிந்தது. முற்றாத விதையிலைகளைத் தனியே எடுத்து, மெத்தியோனைன் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்தபோது பீட்டா துணை அலகு உருவாகவே இல்லை. மணியின் உள்ளே கந்தகத்தின் இருப்பைக் கவனித்து, அதற்கேற்ப மரபணுக்களைத் திறந்து மூடும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கந்தகம் வராதபோது சல்பைடுக்காகக் காத்திருக்கும் ஓ-அசிட்டைல்செரின் தேங்குகிறது. அந்தத் தேக்கமே ‘கந்தகம் இல்லை’ என்ற செய்தியாகி, பீட்டா துணை அலகின் உற்பத்தியைத் தூண்டுகிறது.

அப்படியானால் தழைச்சத்தைக் கூட்டினால் புரதம் மேம்படாதா?

சதவீதம் ஏறலாம். தரம் இறங்கலாம். கந்தகம் அதே அளவில் நிற்க, தழைச்சத்தை மட்டும் கூட்டினால் கூடுதலாகச் சேரும் புரதத்தில் பெரும்பகுதி பீட்டா துணை அலகாகவே போய்ச் சேர்கிறது. பட்டினி போட்டாலும் சரி, மற்றதை அளவுக்கு மேல் ஊட்டினாலும் சரி, மணிக்கு இரண்டும் ஒன்றே. மணி உணர்வது இரு சத்துகளுக்கும் இடையிலான விகிதத்தை. போதாக்குறைக்கு, மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகளும் சோம்பிவிடும்.

புரத சதவீதத்துக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். சத்து குறைந்த புரதத்தை அதிகமாக விளைவிக்கும்படி அது பயிரிடுபவரைத் தூண்டுகிறது.

ஆய்வகத்தில் புரதம் அளந்தால் இது தெரிந்துவிடாதா?

தெரியாது. 1883இல் கெல்டால் வகுத்த முறையும் அதன் வழிவந்த முறைகளும் அளப்பது நைட்ரஜனை. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, கிடைத்த எண்ணை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று அறிவிக்கிறார்கள். (சோயாவுக்கு 5.71ஆல் பெருக்குவதே பொருத்தம் என்போரும் உண்டு. அது தனி வழக்கு.) நைட்ரஜன் கிளைசினினிலிருந்து வந்ததா, பீட்டா துணை அலகிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது.

தரத்தை அறிய மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அமினோ அமிலப் பகுப்பாய்வு. இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு: வழக்கமான அமிலச் சிதைப்பில் சிஸ்டீன் அழிந்துவிடும், மெத்தியோனைனும் ஓரளவு கெடும். பெர்ஃபார்மிக் அமிலத்தால் முன்கூட்டியே ஆக்சிஜனேற்றம் செய்து அவற்றை நிலையான வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் சிதைக்க வேண்டும். அப்படிச் செய்கிறார்களா என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள். கேட்காமல் வாங்கிய எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டாவது, ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ், அதாவது மின்புலத்தில் புரதங்களை நகரவிட்டுப் பிரிக்கும் முறை. துணை அலகுகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும், பீட்டா பட்டை தடித்திருப்பது கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, எல்லாவற்றிலும் எளியது: மணியின் மொத்த நைட்ரஜனையும் மொத்தக் கந்தகத்தையும் அளந்து விகிதம் பார்ப்பது.

செடியைப் பார்த்தே குறைபாட்டைக் கண்டுகொள்ள முடியுமா?

ஓரளவு. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் மேலே குருத்திலைகள் முதலில் வெளுக்கும், ஏனென்றால் முதிர்ந்த இலையிலுள்ள கந்தகம் எளிதில் இடம்பெயராது. பூக்கும் தறுவாயில் மேலே முழுதாக விரிந்த இலைகளைப் பறித்துச் சோதித்தால் நைட்ரஜனும் கந்தகமும் 15க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி இருப்பது நல்லது. 20க்கு 1 என்பதைத் தாண்டினால் கந்தகம் போதவில்லை என்று ஐயப்பட இடமிருக்கிறது.

ஆனால் இலை வெளுக்கவில்லை என்பதால் மணியின் தரம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. மகசூலில் வேறுபாடு தெரியாத அளவுக் குறைவிலும் சேமிப்புப் புரதங்களின் கலவை நகரக்கூடும்.

முன்பெல்லாம் யாரும் கந்தகம் போடவில்லையே, இப்போது மட்டும் ஏன்?

போட்டுக்கொண்டுதான் இருந்தோம், தெரியாமல். சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டை மணிச்சத்துக்காக (பாஸ்பரஸுக்காக) போட்டவர்கள் அதோடு 11, 12 சதவீதக் கந்தகத்தையும் சேர்த்தே போட்டார்கள். அந்த இடத்துக்கு டிஏபியும் (டை-அம்மோனியம் பாஸ்பேட்), அம்மோனியம் சல்பேட்டின் இடத்துக்கு யூரியாவும் வந்தன. இரண்டிலும் கந்தகம் இல்லை. தொழு உரமும் குறைந்தது. நிலக்கரிப் புகையிலிருந்து மழையோடு இறங்கிய கந்தகமும் ஒரு காலத்தில் கணிசமாக இருந்தது. காற்று மாசுக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. காற்று சுத்தமானது நல்லதே. அது இலவசமாகக் கொடுத்ததை இனி நாம்தான் கொடுக்க வேண்டும். இதற்கிடையே மகசூல் உயர உயர, நிலத்தைவிட்டு வெளியேறும் கந்தகமும் கூடுகிறது. ஒரு டன் சோயா மணி ஏறத்தாழ 3 கிலோ கந்தகத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

எந்த உரம்? எவ்வளவு?

செடிக்கு வேண்டியது சல்பேட். அம்மோனியம் சல்பேட்டில் கந்தகம் 24 சதவீதம். அதோடு 21 சதவீத நைட்ரஜனும் வருவதை மறக்கக்கூடாது. தூய ஜிப்சத்தில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல், கடையில் கிடைப்பதில் அதைவிடக் குறைவு. தழைச்சத்து இல்லாததால் சோயாவுக்கு என் முதல் தேர்வு அதுதான். பொட்டாசியம் சல்பேட்டில் 17, 18 சதவீதம். எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டில் 13 சதவீதம். தனிமக் கந்தகக் குருணையில் 90 சதவீதம் வரை இருக்கும். ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சல்பேட்டாக மாற்றிய பிறகே வேருக்குப் பயன்படும். குளிரிலும் வறட்சியிலும் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், மாதக்கணக்கிலும் ஆகலாம். அது மண்ணை அமிலமாக்கவும் செய்யும்: ஒரு கிலோ தனிமக் கந்தகத்தின் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 3 கிலோ தூய கால்சியம் கார்பனேட் வேண்டும். காரத்தன்மை மிகுந்த மண்ணுக்கு அது வரம், ஏற்கெனவே புளித்த மண்ணுக்குக் கேடு.

அளவைப் பொறுத்தவரை, பரிந்துரைகள் பெரும்பாலும் எக்டருக்கு 10 முதல் 40 கிலோ கந்தகம் என்ற வீச்சுக்குள் அமைகின்றன. மணற்பாங்கான, மக்கு (மட்கிய கரிமப் பொருள்) குறைந்த மண்ணுக்கு மேல் எல்லை. மக்கு நிறைந்த கனத்த மண்ணுக்குக் கீழ் எல்லை, சில சமயம் எதுவுமே வேண்டாம். மண்ணிலுள்ள கந்தகத்தில் பெரும்பங்கு மக்கில்தான் கட்டுண்டு இருக்கிறது. மண் பரிசோதனை செய்யாமல் அளவைத் தீர்மானிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது போட வேண்டும்?

சல்பேட் நீரில் கரைந்து கீழே இறங்கிவிடும் பொருள். கனமழைக்கு முன் மணல் நிலத்தில் அடியுரமாக முழுவதையும் கொட்டினால், மணி நிரம்பும் காலத்தில் வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். ஆனால் தரத்தைத் தீர்மானிப்பது அந்தக் கடைசிக் காலம்தான். பீட்டா துணை அலகு மணி வளர்ச்சியின் பிற்பகுதியில்தான் சேர்கிறது; முதிர்ந்த இலைகளிலிருந்து கந்தகம் தாராளமாக மணிக்குப் பெயர்ந்து வருவதும் இல்லை. ஆகவே இளகிய மண்ணில் ஒரு பகுதியை விதைப்பிலும் மீதியைப் பூக்கும் முன்பும் பிரித்துப் போடுவது பொருத்தம். தனிமக் கந்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் விதைப்புக்கு வெகு முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். இலைவழித் தெளிப்பு அவசர உதவி மட்டுமே. இலை தாங்கும் அளவில் ஓர் எக்டருக்குச் சில கிலோவைத்தான் கொடுக்க முடியும்.

வேர்முடிச்சுக்கும் கந்தகம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் மையத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தக அணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. கந்தகம் குறைந்தால் இந்தத் தொழிற்சாலையே மந்தமாகும்.

இரண்டு மடங்கு கந்தகம் போட்டால் தரமும் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. பசித்த செடிக்குக் கந்தகம் கொடுத்தால் சரிந்த தரம் பழைய நிலைக்குத் திரும்பும். பசியில்லாத செடிக்குக் கொடுத்தால் உபரியைச் சல்பேட்டாகவே செல்லின் நுண்குமிழ்களில் ஒதுக்கிவைக்கும், மணியின் மெத்தியோனைனில் அதிகம் மாறாது. கிளைசினின் எவ்வளவு உருவாகலாம், அதில் எந்த இடத்தில் மெத்தியோனைன் நிற்கலாம் என்பதெல்லாம் ரகத்தின் மரபணுவில் எழுதியிருக்கிறது. உரம் அந்த எழுத்தைத் திருத்தாது. கந்தக உரத்தால் சோயாவை முட்டைக்கு நிகராக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிகை தீங்கும் செய்யும். சல்பேட்டும் மாலிப்டேட்டும் வேரில் ஏறத்தாழ ஒரே வாசல் வழியாக நுழைபவை. மாலிப்டினம் ஏற்கெனவே அருகிய அமில மண்ணில் சல்பேட்டைக் குவித்தால் மாலிப்டினம் உள்ளே வர இடமிராது. முந்தைய பதிலில் சொன்ன அந்தக் கொத்தில் மாலிப்டினமும் ஓர் அணு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கந்தகம் கூடினால் டிரிப்சின் தடுப்பான்களும் கூடுமாமே? அது கெடுதல்தானே?

நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. செரிமான நொதியான டிரிப்சினைத் தடுக்கும் இரண்டு புரதங்கள் சோயாவில் உண்டு: குனிட்ஸ் தடுப்பான், பௌமன்-பர்க் தடுப்பான். இரண்டாவதில் இருக்கும் 71 அமினோ அமிலங்களில் 14 சிஸ்டீன். அவை ஏழு கந்தகப் பாலங்களாக மூலக்கூறை இறுக்கிக் கட்டுகின்றன. கந்தகம் போதிய செடியில் இதன் அளவு கூடுவதும், தழைச்சத்து மிகுந்து கந்தகம் பின்தங்கிய செடியில் குறைவதும் உண்மை.

ஆனால் சோயாவை யாரும் பச்சையாகத் தின்பதில்லை, தின்னவும் கூடாது. ஆஸ்போர்னும் மெண்டலும் 1917இலேயே எலிகளை வைத்துக் காட்டினார்கள்: பச்சைச் சோயா தின்றவை சரியாக வளரவில்லை, வேகவைத்தது தின்றவை வளர்ந்தன. ஈர வெப்பம் தடுப்பான்களின் மடிப்பைக் குலைத்துவிடுகிறது. குலைந்த பிறகு அவற்றிலிருந்த சிஸ்டீன் உணவாகப் பயன்படுகிறது. எனவே வேகவைப்பது சரியாக இருக்கும் வரை இந்தக் கூடுதல் எனக்கு இழப்பாகத் தெரியவில்லை. தீவனத்துக்காக வறுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: குறைந்தால் தடுப்பான் மிஞ்சும், கருகினால் லைசின் கெடும்.

டோஃபு செய்வோருக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. கிளைசினின் மிகுந்த பால் கந்தகப் பாலங்களின் துணையோடு கெட்டியாக உறையும். பீட்டா-கான்கிளைசினின் மிகுந்தது மென்மையாக நிற்கும். ஒரே ரகம் வயலுக்கு வயல் வேறுவிதமாக உறைந்தால் மண்ணின் கந்தகத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

மரபணு மாற்றத்தால் இதைத் தீர்த்துவிட முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். மெத்தியோனைன் நிறைந்த பிரேசில் கொட்டைப் புரதத்தைச் சோயாவில் சேர்த்தார்கள். அந்தப் புரதம்தான் பிரேசில் கொட்டை ஒவ்வாமைக்கே காரணம் என்பது 1996இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்தச் சோயா விற்பனைக்கு வரவே இல்லை. சிஸ்டீன் உருவாக்கும் நொதிகளை மணியில் கூட்டும் முயற்சிகள் அதைவிட நம்பிக்கை தருகின்றன. ஆனால் எந்த நொதியைக் கூட்டினாலும் வேர் வழியே கந்தகம் வந்தாக வேண்டும்.

என் நிலத்திலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு பருவம் போதும். ஒரே ரகத்தை ஒரே நாளில் விதைத்த வயலில் அடுத்தடுத்த பட்டைகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றில் கந்தகம் போடுங்கள். குறைந்தது மூன்று இணையாவது இருக்கட்டும். அம்மோனியம் சல்பேட் போட்டால் அதிலுள்ள நைட்ரஜனுக்கு ஈடான யூரியாவை மற்றப் பட்டைகளுக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். ஜிப்சம் போட்டால் கால்சியமும் சேர்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். அறுவடையில் பட்டைகளைக் கலக்காமல் தனித்தனியாக அடித்து, நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றிலிருந்தும் அரைக் கிலோ மணியை எடுத்து, எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்துக்கு ஒரே நாளில் அனுப்புங்கள். மொத்த நைட்ரஜன், மொத்தக் கந்தகம், மெத்தியோனைன், சிஸ்டீன் ஆகிய நான்கையும் கேளுங்கள். பணம் இடித்தால் முதல் இரண்டு போதும்.